விரட்டு மேஸ்திரியும் அரை மாத்திரையும்

அச்சுக் கோர்ப்பவர் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். நான் நாலாவதோடு நின்றவன். என் கையெழுத்து ஈரக் களிமண்ணில் கோழி நடந்ததுபோல இருக்கும். சின்ன ர, பெரிய ற தகராறும் உண்டு. திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள்.

விருத்தாசலத்துக்கு அவசரம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தவரே எங்கள் விரட்டு மேஸ்திரிதான். நான் அச்சில் களிமண் கூழ் ஊற்றிய பீங்கான் கம்பெனியில் அவர் சூளை மேஸ்திரி. டீக்கடையில் பால் பொங்கும்வரை நிற்கமாட்டார். "ஊத்துய்யா, வவுத்துல போயி பொங்கட்டும்" என்பார். ஒரு கல்யாணத்தில் ஐயரிடம், "தாலிய மொதல்ல கட்டச் சொல்லுங்க சாமி, மந்திரத்த சாப்புட்டுக்கினே சொல்லலாம்" என்றார். சேத்தியாத்தோப்பு பஸ் கிளம்பத் தாமதமென்று இறங்கி நடந்தே போனார். பஸ் அவரைத் தாண்டியபோது, "பாத்தியா, நான் வெரட்டுனதாலதான் வருது" என்று பெருமைப்பட்டார்.

அவர் விரட்டாத ஒரே ஜீவன் சூளை. அதன் முன்னால் மட்டும் பச்சைக் குழந்தையைத் தூங்கவைப்பவர்போல நிற்பார். தீயைச் சட்டென்று ஏற்றியவன் முதுகில் அடி விழும்.

தொண்ணூற்று ஏழில் அவருக்குக் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. புதுச்சேரிக்குத் துணையாக என்னை அழைத்தார். "நீதான் பேசமாட்ட. வா."

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதயம் தளர்ந்துபோச்சுங்க. அதப் பாத்து நரம்பு பதறிக்கிட்டு, ஓடு ஓடுன்னு அத அடிக்குது. அடிக்க அடிக்க இன்னும் தளருது."

எனக்குச் சிரிப்பு வந்தது. மேஸ்திரிக்குள்ளேயே இன்னொரு விரட்டு மேஸ்திரி! குனிந்துகொண்டேன்.

"இந்த மாத்திரை அந்த நரம்ப அடக்கும். நான் படிக்கறப்ப, தளந்த இதயத்துக்கு இது ஆகாதுன்னாங்க. இப்ப இதான் நல்லதுங்கறாங்க."

"முடிவு பண்ண இத்தினி வருசமா? எங்கிட்ட வேலை பாத்திருந்தா ஒரே நாள்ல முடிச்சிருப்பாங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "மொதல்ல அரை மாத்திரை. கொஞ்சங்கொஞ்சமாத்தான் ஏத்துவேன். ஆரம்பத்துல அசதியா இருக்கும். நீங்களா நிறுத்தினா உயிருக்கே ஆபத்து."

பத்தாம் நாள் மேஸ்திரி அட்டையோடு மாத்திரையை உடைந்த கோப்பைக் குவியலில் வீசினார். "அரை மாத்திரையாம்! ஏற்கெனவே நடக்க முடியல, இது என்னை இன்னும் படுக்கவைக்குது. வெளங்கற மருந்துன்னா மொத நாளே வெளங்க வேணாம்?"

அவர் செத்துப்போவார் என்று எனக்குத் தோன்றியது. பதினோரு வருடத்தில் முதன்முறையாக அவரிடம் நானாகப் பேசினேன்.

"மேஸ்திரி... சூளையில மொத நாளே பெருந்தீ போடலாங்களா?"

"போட்டா அம்புட்டும் வெடிச்சிடும்டா, மடையா!"

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். சூளையைப் பார்த்தார். பிறகு குவியலைப் பார்த்தார்.

"டேய், தேடுங்கடா! சீக்கிரம்!"

கம்பெனியே குனிந்தது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"மெதுவா தேடுங்கடா. கை கிழிச்சுக்காதீங்க."

அப்படி ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. மாத்திரை கிடைத்ததைவிட அதுதான் அன்றைக்குப் பெரிய சேதி.

அன்று மாலையே டாக்டரிடம் போனோம். மேஸ்திரி திட்டு வாங்கிக்கொண்டு, அந்த அரை மாத்திரையையே தொடர்ந்தார். மாதங்கள் போகப் போக வீக்கம் வடிந்தது. இப்போது பால் பொங்கும்வரை நிற்கிறார். சர்க்கரை கலக்கும்வரையும் நிற்கிறார். டீக்கடைக்காரருக்குத்தான் பயமாக இருக்கிறதாம்.

இதை எழுதப்போகிறேன் என்று போன வருடம் அவரிடம் சொன்னேன். விரட்டியிருந்தால் மறுநாளே முடித்திருப்பேன். "மெதுவா எழுது, நான் எங்க போயிடப் போறேன்?" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இத்தனை நாள் தள்ளினேன். நாளைக் காலை அவருக்குப் படித்துக்காட்டப்போகிறேன்.

1999, கார்த்திகை ஒன்பது.