மடியால் வந்த வினை

"ஏலே ஜெனோ, மடி!"

தெரு குரூப்பில் பெவின் போட்ட இந்த ஒற்றை வரியால் சம்பத்குமாரின் காலைக் காப்பி ஆறிப்போயிற்று. அவர்தான் அட்மின். துறைமுக ஆபீஸில் ரிட்டயர் ஆகி, மனைவி ஹேமாம்புஜமும் போய்ச் சேர்ந்தபின், அவரோடு பேசுகிற ஜீவன் அந்தக் குரூப் ஒன்றுதான்.

விளாத்திகுளத்திலிருந்து புதிதாகக் குடிவந்த சங்கரபாண்டியன் போனில் கொதித்தார். "ஒருத்தனச் செத்துப்போன்னு சொல்லுதான், பாத்துக்கிட்டு இருக்கீயளே சார்!"

சம்பத்குமார் பெவினைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"ஐயோ சார், கடலுக்கு என்னத்த எடுத்துட்டு வரணும்னு ஜெனோ கேட்டான். மடின்னா வலை சார்!"

"எங்காத்துல மடின்னா ஆசாரம்டாப்பா."

நேற்று ரேச்சல் வீட்டுக் கோழி, முந்தாநாள் யார் வீட்டுக் கருவாடோ. தினம் ஒரு பஞ்சாயத்து என்றால் மனுஷன் என்னதான் செய்வார்? "இனிமே நீங்களே பாத்துக்கோங்கோ" என்று எல்லாரையும் அட்மின் ஆக்கிவிட்டார்.

அவ்வளவுதான். சங்கரபாண்டியனுக்கு இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. முதலில் பெவினைத் தூக்கினார். ஏன் என்று கேட்ட ஜெனோவைத் தூக்கினார். சிரிப்புப் பொம்மை போட்ட ரொட்டிக்கடை கிளாடிஸையும் தூக்கினார்.

சம்பத்குமார் பதறிப்போய், "மூணு பேர் சம்மதிச்சாத்தான் நீக்கலாம்" என்று சட்டம் போட்டார். சங்கரபாண்டியன் தன் மனைவியையும் மச்சினனையும் குரூப்பில் சேர்த்துக்கொண்டார். மூணு பேர் ஆச்சா, இல்லையா?

சாயங்காலத்துக்குள் தெருவே காலி. போன் ஊமையாகக் கிடந்தது. ஹாலில் ஃபேன் மட்டும் கடகடத்தது. சம்பத்குமாருக்கு அழுகையே வந்துவிட்டது.

"மடி என்றால் வலைதான். எல்லாரும் திரும்பி வாங்கோ. எனக்கு வேறு யாரும் இல்லை" என்று எழுதினார்.

மடி என்று எழுதிய குற்றத்துக்காக அவரையும் நீக்கினார்கள்.

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ரொட்டிக்கடைக்குப் போனார். "நான் அவா கையில பொறுப்பக் குடுத்திருக்கப்படாது, கிளாடிஸ்."

கிளாடிஸ் சிடுசிடுத்தாள். "பின்ன என்ன சார்? மாமி போன பொறவு நீங்க வாயத் தொறந்து நாலு வார்த்த பேசணும்னு தெருவே முறை வச்சுல்லா சண்ட போட்டுக்கிட்டு இருந்தோம். புதுசா வந்த மனுசன் அத நெசம்னு நம்பிட்டாரு. நாளைக்கு என் முறை, நான் எங்க போய்ச் சண்ட போடுவேன்?"