என் இடது காலில் பூட்ஸ் ஏறிய நாள்: உடனிருந்தவர்களுக்கு நன்றி

பெல்லோஸ் க்ரீக் வாரச்செய்தியின் ஆசிரியர் டேரன் விக்கம் அவர்களுக்கு, டல்சி ஹாக்கிங் எழுதிக்கொள்வது.

நான் நலம், என் புது இடுப்பும் நலம். உன் நலத்தையும் விசாரிக்கவேண்டும், ஆனால் நேற்றுத்தான் உன்னை ரொட்டிக் கடை வாசலில் பார்த்தேன், நன்றாகத்தான் தின்றுகொண்டிருந்தாய். ஆசிரியரை 'நீ' என்று எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஏழு வயதில் எங்கள் பிளம் மரத்திலிருந்து நீ விழுந்து, உன் கால்சட்டை மட்டும் கிளையிலேயே தங்கிவிட்டபோது, சாக்கைச் சுற்றி உன்னை வீட்டுக்கு அனுப்பியவள் நான்தான். பிளம் திருட்டையும் நான் மறக்கவில்லை.

உன் பத்திரிகையின் நன்றிப் பக்கத்தில் இதை வெட்டாமல் போடவேண்டும். செப்டம்பர் பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை, மாலைக் கறவைக்கு முன்னால் எங்கள் கொட்டகை வாசலில் இருந்தவர்கள்: என் மகன் வெய்ன். அவன் மனைவி கெர்ரின். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பிசியோ பெண் டெகன். மாட்டுத் தரகர் கோர்டன் பிம், கையில் அட்டையும் தாளுமாக. நாய் டிங்கர். நூற்றுப் பத்து பசுக்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தியும் நின்றாள். அவள் பெயரை எழுதி மையை வீணாக்கமாட்டேன். மற்ற எல்லாருக்கும், மாடுகள் உட்பட, என் நன்றி.

எதற்கு நன்றி என்று ஊருக்குத் தெரியவேண்டும். ஜூன் ஐந்தாம் தேதி எனக்கு இடது இடுப்பை மாற்றினார்கள். டாக்டர் தங்கமான மனிதர், அவருக்கும் நன்றி. ஆனால் வீட்டுக்கு வந்த நாலாம் நாளே வெய்ன் சமையலறையில் தொண்டையைக் கனைத்தான். அவன் அப்பாவும் கெட்ட சேதிக்கு முன்னால் அப்படித்தான் கனைப்பார்.

"அம்மா, எழுபத்தெட்டு வயசாச்சு. மாடுங்கள வித்துடலாம். டவுன்ல சின்னதா வீடு பாத்திருக்கேன், படியே இல்ல."

"பசுவும் இருக்காதே அங்க?"

"இருக்காதும்மா."

"அப்ப நான் அங்க யார்கூடப் பேசுறது?"

கடைசியில் ஒரு நிபந்தனைக்கு வந்தான். டாக்டர் போட்ட கட்டுப்பாடெல்லாம் நீங்கின பிறகு, தரகர் மாடுகளைக் கணக்கெடுக்க வரும் நாளில், யாரும் தொடாமல் நானே இரண்டு ரப்பர் பூட்ஸையும் மாட்டி, நாங்கள் நின்று பால் கறக்கும் குழிக்குள் நாலு படி இறங்கி, நாலு படி ஏறி வந்துவிட்டால் மாடுகள் இருக்கும். இல்லையென்றால் அன்றே பேச்சு முடிந்து லாரி வரும். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு அறுபத்தாறு வருஷமாக அந்தக் குழியில் நிற்கிறவளுக்கு, பெற்ற பிள்ளை வைத்த பரீட்சை இது. இருந்தாலும் அவனுக்கும் நன்றி. பரீட்சை வைக்காமலே விற்றிருக்கலாம் அல்லவா.

இடுப்பு எலும்பு பிரச்சினையே இல்லை, டேரன். அது இரும்பு, அதன் பாட்டுக்கு இருந்தது. மற்றதெல்லாம்தான் சண்டை போட்டது. தொடையின் முன்பக்கம் வேலிக் கம்பியை முறுக்கி இழுத்த மாதிரி விறைத்துக்கொண்டது. நான் நிமிர்ந்து நடப்பதாக நினைத்துக்கொண்டு நடந்தேன், கெர்ரின் "என்ன அத்தை, தரையில எதையாவது தொலச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். டெகன் வந்து, நல்ல முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கெட்ட காலைக் கட்டில் விளிம்பில் தொங்கவிடச் சொன்னாள். அவள் இருபத்தாறு வயதுக்காரி, காதில் ஐந்து தோடு. "அவசரப்படாதீங்க டல்சிம்மா, தசை தானா இறங்கணும், நீங்க இறக்கக் கூடாது" என்றாள். எட்டு எண்ணுவதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். முப்பது எண்ணச் சொன்னாள். அந்தக் காலத்து ஆசிரியை கூட என்னை அத்தனை எண்ணவைத்ததில்லை.

அப்புறம் அந்த வடு. ஒரு சாணுக்கு மேல் நீளம். ஆறாவது வாரம் காயம் நன்றாக மூடிவிட்டது, ஆனால் உள்ளே கெட்டியாகி, தோலும் சதையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குனிந்தால் யாரோ பின்னாலிருந்து பாவாடையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். களிம்பு போட்டு விரலால் வட்டம் வட்டமாகத் தேய்க்கவேண்டும், தோல் அடியிலிருந்து நகரவேண்டும், வலிக்குமளவு அழுத்தக் கூடாது என்று டெகன் சொல்லிக் கொடுத்தாள். அவள் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மடிநோய் வந்த கிடாரிக்கு மடி ஒரு பக்கம் கல்லாகிவிட்டால் நாங்கள் செய்வது இதுதானே! ஓரத்திலிருந்து ஆரம்பிக்கவேண்டும், கெட்டியின்மேல் நேராகக் கை வைத்தால் உதைக்கும்.

"இந்தக் களிம்பு பரவாயில்லயாம்மா?" என்று கொட்டகையிலிருந்த மஞ்சள் டப்பாவைக் காட்டினேன். அவள் திருப்பிப் படித்தாள்.

"டல்சிம்மா, இதுல பசுவுக்குன்னு போட்டிருக்கு."

"எனக்கும் பசுவுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? ரெண்டு பேரும் அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறோம்."

பாவம், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று முழுக்கப் படித்து, டாக்டருக்குப் போன் செய்து கேட்டு, காயம் திறக்காதவரை சரி என்று விட்டாள். அப்படிப்பட்ட பெண்ணுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. அன்றிலிருந்து காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம், ஒரு நாள் தவறாமல், என் கையாலேயே தேய்த்தேன்.

இப்படியாகப் பதினெட்டாம் தேதி வந்தது. உட்காரும் இடம் தாழ்ந்திருக்கக் கூடாது என்று டெகன் இரண்டு வைக்கோல் கட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கொடுத்தாள். அதன்மேல் நான் ராணி மாதிரி உட்கார்ந்தேன். பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினேன், ஒரு தவளை விழுந்தது. ஜூனிலிருந்து குடியிருந்திருக்கிறது, வாடகை கேட்கவில்லை. வலது பூட்ஸ் ஏறிவிட்டது. இடது காலின் முழங்காலை வெளிப்பக்கம் விட்டு, டெகன் சொன்னபடியே நடுவில் கையை நீட்டிப் பிடித்தேன். விரல்கள் போயின, பாதம் போனது, குதிகால் நின்றுவிட்டது. இழுத்தேன். தொடை விறைத்தது. இன்னும் இழுத்தேன், இன்னும் விறைத்தது. பிம் பேனா மூடியைத் திறந்தார். அந்த டக்கென்ற சத்தம் எனக்குக் கேட்டது.

"அம்மா, போதும், விடும்மா" என்றான் வெய்ன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்போது வேலிப் பக்கமிருந்து ஒரு குரல்: "ஏய் டல்சி! பால அடக்கி வச்சிருக்குடி அது! இழுத்தா விடுமா?"

அவள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. 1981 நவம்பர் பதினான்கு, சனிக்கிழமை, விவசாயக் கண்காட்சியில், என் கேக்கை நடுவர்கள் வாயில் வைத்த நிமிடத்தில், "டல்சி வாத்து முட்டை போட்டிருக்கா, விதியில கோழி முட்டைன்னு இருக்கு" என்று சபையில் சொல்லி முதல் பரிசைத் தட்டிப் பறித்தவள் பேச்சை நான் எதற்கு வாங்கவேண்டும்? எனக்கே தோன்றியது: புதுக் கிடாரி பயத்தில் பாலை அடக்கினால் காம்பை யாராவது இழுப்பார்களா? கையை எடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று, பேச்சுக் கொடுக்கவேண்டும். கையை எடுத்தேன். தொடையை மெல்லத் தட்டினேன். "விடு தாயி. யாரும் ஒன்ன அடிக்கல. விடு" என்று என் காலோடு பேசினேன். பிம் ஒரு அடி பின்னால் போனார். டெகன் மட்டும் வாய்க்குள் முப்பது வரை எண்ணிக்கொண்டிருந்தாள். இருபதோ இருபத்தொன்றோ, தொடை தானாக இறங்கியது, டேரன், முதல் பால் இறங்குகிற மாதிரியே. குதிகால் 'பொக்'கென்று உள்ளே போனது.

குழிக்கு இறங்கும்போது கெட்ட கால் முன்னால், ஏறும்போது நல்ல கால் முன்னால். கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு படி இறங்கினேன். குழிக்கு மேலே, விளிம்பில் நின்ற மாட்டு வரிசையில் முதலில் டச்சஸ் நின்றாள், பதினோரு வயது, என்னைப் போலவே பிடிவாதக்காரி. என்னைப் பார்த்ததும் வாலைத் தூக்கினாள். எனக்கு அறுபத்தாறு வருஷ அனுபவம், ஒதுங்கிவிட்டேன். எட்டிப் பார்த்த பிம் ஒதுங்கவில்லை. அவர் தாளில் இருந்த நூற்றுப் பத்து மாடுகளின் பெயர்களும் சாணிக்குள் போயின.

வெய்ன் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு அழுகையாகி, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சரிம்மா. மாடு இருக்கட்டும்." நாலு படியும் ஏறி வந்தேன். பிம்முக்குக் கெர்ரின் துண்டும் தேநீரும் கொடுத்தாள். அந்த மனிதர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை, அவருக்கு என் தனி நன்றி.

ஆக, நடக்கவைத்த எல்லாருக்கும், அவர்கள் பிள்ளை குட்டிகளுக்கும், நல்ல மழையும் நல்ல புல்லும் வற்றாத மடியும் அமையட்டும். உன் அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
டல்சி ஹாக்கிங்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கொடுத்தேன். கெர்ரின் வாசலில் நின்று படித்துவிட்டுத் திரும்பி வந்தாள். "அத்தை, இதுல ஒரு பொய் இருக்கு. நீங்களே திருத்துங்க, இல்லன்னா நான் திருத்துவேன்" என்றாள். மேலே 'என் கையாலேயே' என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? அது என் கை இல்லை. வெட்டு பின்பக்கம் போகிறது, என் விரல் பாதிதான் எட்டியது. கெர்ரின் ஒரு தடவை பார்த்துத் தலை சுற்றி என் பக்கத்திலேயே படுத்துவிட்டாள். ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை, மேலே நான் பெயர் எழுதாமல் விட்ட அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரி வேலியைத் தாண்டி வந்தாள். மஞ்சள் டப்பாவை எடுத்தாள்.

"திரும்பிப் படுடி."

"உன்ன யாரு கூப்பிட்டா?"

"நீ கூப்பிடல. ஒன் இடுப்பு கூப்பிட்டது வேலி வரைக்கும் கேக்குது."

நாற்பத்து நாலு வருஷத்தில் நாங்கள் பேசின முதல் பேச்சு இதுதான். அப்புறம் தினம் இரண்டு தடவை, தன் மாடுகளைக் கறந்த கையோடு வந்தாள். இந்த ஜில்லாவில் அப்படி ஒரு கை கிடையாது. ஒரு நாள் தேய்த்துக்கொண்டே, "வாத்து முட்டதானே டல்சி?" என்று கேட்டாள். நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். வாத்து முட்டைதான், டேரன். மூன்று. பூட்ஸ் அன்று அவள் கத்தினதையும் காதில் வாங்கினேன், அதனால்தான் கையை எடுத்தேன்.

இத்தனை வருஷம் அந்தக் கோபத்தை ஒரு நாள் பட்டினி போடாமல் வளர்த்தேன். எட்டு வாரத்தில் வடுவோடு சேர்த்து அதையும் தேய்த்து இளக்கிவிட்டாள். அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? நன்றிப் பட்டியலில் எல்லாருக்கும் மேலே அவள் பெயரைப் பெரிய எழுத்தில் போடு. நான் மன்னிக்கமாட்டேன் என்பதையும் அதே அளவு எழுத்தில் போடு. பெயர்: நோலா ட்ரெம்பாத்.