சின்ன லூசு, பெரிய லூசு

“எக்கா, ஒரு ‘ஓ’ போட்ட லூசும் ரெண்டு ‘ஓ’ போட்ட லூசும் ஒண்ணுதானா?”

செக்கிங் மேசைக்கு எதிரே நின்றவள் கேட்டதும் மயிலாளின் கையிலிருந்த டீ-சர்ட் நழுவியது. சுவரில் இரண்டு இங்கிலீஷ் அட்டைகள் தொங்கின. தையல் லூசாக இருக்கக் கூடாது என்று ஒன்று, ஊசியைத் தொலைக்கக் கூடாது என்று ஒன்று. சூப்பர்வைசர் குமாரசாமி சொல்லித்தான் அவளுக்கு அதுவும் தெரியும். எழுத்தைப் பார்த்து அல்ல.

கேட்டவளை ஏற இறங்கப் பார்த்தாள். புதுச் சுடிதார், கண்ணாடி, கையில் பேனா. கழுத்தில் கம்பெனி அட்டை இல்லை. பெயர் சீனியம்மாளாம், தூத்துக்குடிப் பக்கமாம். விடை தெரியாதவள் இப்படியா ‘ஓ’வை எண்ணிக்கொண்டு வந்து கேட்பாள்?

முதலிபாளையத்துப் பனியன் கம்பெனிகளில் அந்த வாரம் ஒரே பேச்சு. வேலை நிலைமையைச் சோதிக்க வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் ஆடிட்டர் இந்த முறை சொல்லாமல் கொள்ளாமல் வருகிறாராம். ஆளோடு ஆளாக நின்று பேச்சுக் கொடுப்பாராம். மயிலாள் பத்தாவது பாஸ் என்று சொல்லித்தான் செக்கிங்கில் சேர்ந்திருந்தாள். படித்தது ஆறாவது. தெரிந்தால் பழையபடி தரையில் உட்கார்ந்து பீஸ் மடிக்கப் போக வேண்டியதுதான்.

“ஒரு ‘ஓ’ன்னா சின்ன லூசுங்க. ரெண்டு இருந்தா பெரிய லூசுங்க,” என்றாள்.

சீனியம்மாள் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். “அப்ப ஊசி அட்டையில எதுக்கு சின்ன லூசு?”

“ஊசி சின்னதுதானுங்களே.”

அதையும் எழுதினாள்.

“இந்தப் பெட்டியில ஃப்ரம்னு போட்டிருக்கு. அந்தத் தாள்ல ஃபார்ம். ரெண்டுலயும் அதே நாலு எழுத்துதானக்கா?”

“நிதானமா அடிச்சா ஃபார்முங்க. அவசரத்துல அடிச்சா ஃப்ரம்முங்க.”

வாயை விட்ட பிறகுதான் உறைத்தது. அவசரம் என்றால் ஓவர்டைம் என்று எழுதிக்கொள்வார்களே.

“ஆனா இங்க அவசரமே இல்லீங்க. ஞாயித்துக்கெழமை லீவுங்க. யாரும் வைய மாட்டாங்க. குடிக்கத் தண்ணி இருக்குதுங்க. எனக்கு வயசு பதினெட்டு முடிஞ்சுருச்சுங்க.”

போன ஆடிட்டுக்கு முன்னால் குமாரசாமி எல்லோரையும் வரிசையாக நிறுத்தி மனப்பாடம் செய்ய வைத்தது, ஒரே மூச்சில் வந்துவிட்டது. நாற்பதை நெருங்குகிறவள் பதினெட்டு முடிந்தது என்றதும் சீனியம்மாள் பேனாவை மூடக்கூட மறந்து பார்த்தாள்.

“நா ஒங்க வயசக் கேக்கலியேக்கா.”

“கேக்கறதுக்கு முன்னாலயே சொல்லீரோணுமுங்க,” என்ற மயிலாள், பாத்ரூம் என்று சைகை காட்டிவிட்டு நழுவினாள்.

படிக்கட்டுப் பக்கம் ஒருவர் தீயணைக்கும் சிவப்பு சிலிண்டரைத் திருப்பித் திருப்பித் தேதி பார்த்துக்கொண்டிருந்தார். கசங்கிய சட்டை, தோளில் ஒரு பை. வருடா வருடம் சிலிண்டரில் புதுச் சீட்டு மட்டும் ஒட்டிவிட்டுப் போவார்களே, அந்தக் கடை ஆள்தான். வெளி ஆள், வம்பில்லை. யாரிடமாவது சொன்னால்தான் மயிலாளுக்கு மூச்சு வரும் போலிருந்தது.

“ஏனுங்கண்ணா, உள்ளார கண்ணாடி போட்டுட்டு ஒருத்தி நிக்கறா பாருங்க. ஆடிட்டருங்க.”

“அப்படிங்களா?”

“வேலைக்கு வந்தவளாட்ட நடிக்கறா. நானெல்லாம் மாட்டுவனுங்களா? ஆறாவதுதான் படிச்சேன்னு வாயத் தொறக்கலியே. தண்ணி மெஷினு ஆடிட் அன்னைக்குத்தான் ஓடும்னு சொல்லலியே. ஞாயித்துக்கெழமை ஷிப்ட்டப் பத்தி மூச்சு உடலியே.”

“கெட்டிக்காரிதாம்மா நீங்க.”

“இந்த சிலிண்டர்ல காத்துக்கூட இல்லைன்னு எல்லாத்துக்கும் தெரியுமுங்க. உங்களையும் காட்டிக் குடுக்கலீங்க.”

அவர் சிலிண்டரை மெல்லக் கீழே வைத்தார்.

வெட்டிய இளநீரோடு குமாரசாமி ஓட்டமும் நடையுமாக வந்தார். பின்னாலேயே சீனியம்மாள்.

“மயிலா, இன்னிக்குக் காலைல வேலைக்குச் சேர்ந்த புள்ளையத் தனியா உட்டுட்டு இங்கென்ன பேச்சு? தள்ளு, ஆடிட்டர் சாருக்கு வழி உடு.”

ஆடிட்டர் இளநீரை வாங்கவில்லை. பையைத் தோளில் சரிசெய்துகொண்டு கேட்டை நோக்கி நடந்தார்.