சிவப்பு டேப் ஒட்டின பிளக்கு

அயர்ன் பாக்ஸை அந்தப் பிளக்குல சொருகியிருக்கவே கூடாது. அது பல்புக்கும் தெரியும்.

பல்புங்கறது அவ பேரு இல்ல. பொறந்தப்போ தலையில ஒத்த முடி இல்லாம பளபளன்னு இருந்ததால அப்பா வெச்ச பட்டம். இப்போ பதினாறு வயசு, இடுப்பு வரைக்கும் முடி. பட்டம் மட்டும் போகல.

அப்பாவுக்கு அடுத்தவங்க மொட்டைமாடியில சோலார் மாட்டற வேலை. சொந்த வீட்டுல மாட்டினது அவரோட அக்காவுக்காக. அத்தைக்கு நுரையீரல் சரியில்ல. பின்ரூம்ல மூக்குல டியூபோட படுத்திருப்பாங்க. பக்கத்துல ஆக்சிஜன் மெஷின் எந்நேரமும் உர்ருன்னு ஓடும். கரண்ட் போனாலும் அது நிக்கக் கூடாதுன்னு பேட்டரி, இன்வெர்ட்டர், தனி லைன். அந்த லைன் பிளக்குக்கெல்லாம் சிவப்பு டேப்.

"பேட்டரியில இருக்கறது ஒரே பக்கமா ஓடற கரண்ட். மெஷினுக்கு வேண்டியது முன்னும் பின்னும் ஆடற கரண்ட். நடுவுல நின்னு ஆட்டிவிடறதுதான் இன்வெர்ட்டர்," அப்படின்னு அப்பா பாடமே எடுத்திருந்தார். தாங்கறதுக்கு மேல கேட்டா கத்திட்டு நின்னுடுமாம். மூணு தடவை நின்னா தன்னைத்தானே பூட்டிக்குமாம்.

எல்லாம் தெரியும். ஆனா மூணு நாளா மழை, வெயிலே இல்ல, பேட்டரி பாதிகூட ஏறல. சாயங்காலம் மெயின் கரண்டும் போச்சு. காலையில ஸ்கூல் போட்டோ, சட்டை கசக்கிப் பிழிஞ்ச மாதிரி கிடக்கு. அஞ்சு நிமிஷம்தானேன்னு சொருகிட்டா.

இன்வெர்ட்டர் கீய்னு கத்துச்சு. வீடு இருட்டாச்சு. பின்ரூம்ல உர்ரு நின்னுச்சு.

இருட்டுல தடவி வயரைப் புடுங்கிப் போட்டுட்டு, மாடிப்படிக்கு அடியில இருக்கற இன்வெர்ட்டர்கிட்ட ஓடிப் பட்டனை அமுக்கினா. விளக்கு எரிஞ்சுது. அப்பாடான்னு மூச்சு விடறதுக்குள்ள மறுபடியும் கீய். பதட்டத்துல இன்னொரு தடவை அமுக்கினா. மூணாவது கீய். சிவப்பு லைட்டு அப்படியே நின்னுச்சு. பூட்டிக்கிச்சு.

செல்போன் வெளிச்சத்துல போய்ப் பார்த்தா, புடுங்கினது டேபிள் ஃபேன் வயரு. அயர்ன் பாக்ஸ் ஜம்முனு சொருகியே இருக்கு.

பின்ரூம் வாசல்ல நின்னு கேட்டா. உள்ள போகத் தைரியம் வரல.

"அத்தை, மூச்சு வருதா?"

"வருதுடி. சத்தமில்லாம நிம்மதியா இருக்கு."

நிம்மதியா? கடைசி நேரத்துல இப்படித்தான் சொல்வாங்களாமே. அப்பாவுக்குப் போன் போட்டா. அவரு நாப்பது கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு குடோன்ல, மழை விடட்டும்னு ஒதுங்கி நின்னுட்டிருந்தார்.

"எதையாவது சொருகினியா?"

"இல்லப்பா."

அந்த ஒரு வார்த்தைதான். அயர்ன் பாக்ஸுன்னு சொல்லியிருந்தா, பூட்டைத் திறக்கற வழியை ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பார். எதுவுமே சொருகலன்னதும், இன்வெர்ட்டரே உள்ள கருகிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டார். கிட்டயே போகாதன்னார். எதிர்வீட்டு டீச்சர்கிட்ட காரை எடுக்கச் சொல்றேன், அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுன்னார். வேலையைப் பாதியில போட்டுட்டுக் கொட்டற மழையில பைக்கைக் கிளப்பினார். போனை வைக்கறதுக்கு முன்னாடி, "எங்கக்காவை விட்டுடாதம்மா," ன்னார். அப்பா குரல் உடைஞ்சு அவ கேட்டதே இல்ல.

வாசல்ல டீச்சரோட கார் ஹாரன் அடிச்சுது.

இனிமே முடியாது. பல்பு உள்ள போய்க் கட்டில் பக்கத்துல மண்டி போட்டு உக்காந்தா. அத்தை கையைப் பிடிச்சா. கை சில்லுன்னு இருந்துச்சு. யாரோட கை சில்லுன்னுதான் புரியல.

"அத்தை, நான்தான். அயர்ன் பாக்ஸ் சொருகினேன். அப்பாகிட்ட பொய் சொல்லிட்டேன். பாவம், அவரு மழையில வராரு. உங்களுக்கு எதுனா ஆச்சுன்னா..." மேல வரல.

வெளியில இன்னொரு ஹாரன். அத்தை மெதுவா எழுந்து உக்காந்து, மூக்குல இருந்த டியூபைக் கழட்டி மடியில வெச்சாங்க.

"அழாத. எனக்குத் தேறிடுச்சு, இந்த மெஷினே இனிமே வேண்டாம்னு டாக்டர் சொல்லி நாலு மாசமாச்சு. இதை எடுத்துட்டா, ஓடுதான்னு பார்க்க உங்கப்பன் ராத்திரி இந்த ரூமுக்குள்ள வரமாட்டானேன்னு நான்தான் யார்கிட்டயும் சொல்லல."