முப்பத்திரண்டு அங்குல மங்கல்

வியாழக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு ஃபரீதா ஹாஜியானியின் குரல் செய்தி வந்தது.

"மகள், நீங்க அனுப்பின போட்டோ எல்லாம் பாத்தேன். மாஷா அல்லாஹ். ஆனா எல்லாம் ஒரு மங்கலா ஈக்கே? புள்ளைட மொகம் பொகைக்குள்ள ஈக்கிற மாதிரி ஈக்கு. ஒருக்கா பாருங்க."

ஜஹானா அதை மூன்று தடவை கேட்டாள். கேட்கக் கேட்கக் குரல் மட்டும் தெளிவாகிக்கொண்டே போனது.

அவளுக்கும் அப்படித்தான் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மடவளையில் ஹாஜியானியின் மகளுக்குக் கல்யாணம். திங்கள் முதல் அவள் கம்பியூட்டரின் முன்னால் இருந்தாள். இரண்டாயிரத்துச் சொச்சம் படங்கள். ஒன்றுகூடக் கூர்மையாக இல்லை. நான்கு நாட்களாகத் தலைவலி. பயத்தினால் வந்த தலைவலி என்று நினைத்தாள்.

பத்தொன்பது வருடமாக அவள் பெண்கள் பக்கம் படம் எடுக்கிறாள். ஆண் படப்பிடிப்பாளர்கள் வாசலோடு நின்றுவிடும் அறைகளுக்குள் அவள் கமராவோடு போவாள். ஒரே நிபந்தனை. அந்தப் படங்களை எந்த ஆணும் பார்க்கக் கூடாது. மணமகளின் தம்பி கேட்டாலும் காட்டமாட்டாள். அந்தப் பெயரில்தான் அவளுக்கு வேலை வந்தது. ஃபரீதா ஹாஜியானியின் மகள் நுஹாவின் அல்பம் மங்கல் என்றால், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிவதற்குள் மடவளையிலும் அக்குறணையிலும் எல்லாக் குசினி அடுப்புகளுக்கும் தெரிந்துவிடும்.

அல்பம் மாலை ஐந்து மணிக்குள் கொழும்புக்குப் போக வேண்டும். பெண்களே நடத்துகிற அச்சகம். சனிக்கிழமை நுஹாவும் மாப்பிள்ளையும் அல்பத்தோடு டோஹாவுக்குப் பறக்கிறார்கள்.

"எனக்கு நல்லாத்தானே தெரியுதுக்கா" என்றாள் பிரேமிளா. மடுல்கெல்லயிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பத்து வருடமாக ஜஹானாவுக்கு வெளிச்சம் பிடிக்கிறாள்.

"ஒனக்குப் பூனை குறுக்கால போன படமும் நல்லாத்தான் தெரியும்."

"அந்தப் படத்துல பூன நல்லா விழுந்திருந்துச்சுக்கா."

ஜஹானா ஞாயிற்றுக்கிழமையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். காலையில் ஒரே ஒரு சிக்கல். அவளுடைய மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்றது. பிரேமிளா தன் கைப்பையிலிருந்த சிவப்பு நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்து இறுக்கிக் கொடுத்தாள். அதன்பிறகு எல்லாம் சரி. கமரா விழவில்லை. லென்ஸை யாரும் தொடவில்லை. மஃரிபுத் தொழுகைக்குப் பெண்கள் எல்லாரும் ஒன்றாகக் கை கால் முகம் கழுவி ஒளு எடுக்க ஓடி, குழாய்த் திட்டில் வளையலும் கடிகாரமும் கண்ணாடியும் குவிந்து கிடந்த அந்தப் பத்து நிமிடம் தவிர, கமரா அவள் கழுத்தை விட்டு இறங்கவில்லை. இறங்கிய பத்து நிமிடமும் பிரேமிளாவின் கழுத்தில்தான் இருந்தது.

"அப்ப இந்த மொனிட்டர்தான்" என்றாள். "ஒம்பது வருசமாச்சு. கண்ணு தெரியாமப் பொய்த்து இதுக்கு."

"தூக்கிப் போடப் போறீங்களாக்கா? எம் மகளுக்குப் படிக்க ஆகுமே."

"எடுத்துட்டுப் போ."

பிரேமிளா உடனே வயரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

புது மொனிட்டர் வாங்கக் கண்டிக்குப் புறப்பட்ட ஜஹானாவுக்குப் பஸ்ஸின் பெயர்ப் பலகையில் எழுத்து தெரியவில்லை. ஒரே தூசி. நடத்துனரிடம் கேட்டு ஏறினாள். கண்டியில் இறங்கியபோது பத்து நாற்பது.

கடையில் முப்பத்திரண்டு அங்குல மொனிட்டர் ஒன்று தனி மேசையில் நின்றது. அதில் ஒரு கிளி.

"ஃபோர் கே மிஸ். எண்பத்து மூணு லட்சம் புள்ளி. எறக எண்ணலாம்."

ஜஹானா எண்ணிப் பார்த்தாள். இறகு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

"இதும் கொஞ்சம் மங்கலா ஈக்கே?"

"கடை வெளிச்சம் அப்பிடித்தான் மிஸ். வீட்டில போட்டாத் தெரியும்."

கையில் இருந்த காசு பாதிக்குத்தான் போதும். மீதிக்கு அதே கடைக்காரர் மாடியில் பழைய கமராச் சாமான் விலைக்கு எடுப்பார். ஜஹானா பையைத் திறந்து, முகங்களுக்கென்று வைத்திருந்த லென்ஸை வெளியே எடுத்தாள். பத்து வருடம் சோறு போட்ட லென்ஸ். குற்றவாளி மொனிட்டராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸாக இருக்க வேண்டும். ஒன்று வருகிறது, ஒன்று போகிறது. எப்படியும் தப்பாது.

கொடுத்துவிட்டுப் படி இறங்கும்போது கடைசிப் படி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துத் தப்பினாள்.

பெட்டி முச்சக்கரவண்டியின் இருக்கை முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஜஹானா சாரதியின் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து வந்தாள். கடையின் தொழில்நுட்பக்காரன் அஸ்ஃபர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தான்.

மேசை போதவில்லை. மொனிட்டரின் கால்கள் இரண்டு பக்கமும் வெளியே நின்றன. இன்னொரு மேசையை ஒட்டிப் போட்டு, இரண்டையும் அலுமாரிக் கதவோடு சேர்த்துத் தள்ளினார்கள். கால்கள் உள்ளே வந்தன. அலுமாரி இனித் திறக்காது.

"உள்ள என்ன மிஸ் ஈக்கு?"

"எல்லாம்" என்றாள் ஜஹானா. மணி ஒன்று பத்து.

அஸ்ஃபர் வயரைக் கொடுத்து, திரையைத் தட்டிவிட்டு, கதிரையை இழுத்தான். "படத்தப் போடுங்க மிஸ், பாப்போம்."

"நீங்க வெளிய போங்க."

"நான் போனா யாரு பாக்கிற?"

"நான் பாத்து ஒங்களுக்குச் செல்றேன். இது பொம்புளைகள்ட கல்யாணப் போட்டோ."

அஸ்ஃபருக்கும் வீட்டில் தங்கைகள் இருந்தார்கள். மறுபேச்சில்லாமல் முற்றத்துக்குப் போய், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, மதிலைப் பார்த்து நின்றான்.

"எப்பிடி மிஸ்?"

"மங்கல்."

"எழுத்து?"

"எறும்பு."

"அளவக் கூட்டுங்க. இருநூறு வைங்க."

"இப்ப எழுத்து யானை. படம் மங்கல்."

மழை தூறத் தொடங்கியது. அஸ்ஃபர் மதிலிடம் யோசித்தான். "வயரக் கழத்தி மத்த ஓட்டையில போடச் செல்லுங்க."

பிரேமிளா மேசைக்கடியில் புகுந்தாள்.

"இப்ப?"

"கறுப்பு."

"முழுக் கறுப்பா, மங்கலான கறுப்பா?"

"தம்பி, எனக்கு அஞ்சு மணிக்கு அல்பம் போகணும்."

மழை வலுத்தது. அவன் உள்ளே வந்து சரிசெய்வதும், படம் திறக்கும்போது வெளியே போய் நனைவதுமாக ஏழு தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று மாறியது. நிறம் நீலமானது. சுட்டி தாமதமாக ஊர்ந்தது. ஒருமுறை எல்லாப் பெண்களும் தலைகீழாக நின்றார்கள். மங்கல் மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டே முக்காலுக்கு அஸ்ஃபர் சட்டை நுனியைப் பிழிந்தபடி கேட்டான். "பொம்புள இல்லாத போட்டோ ஒண்டாவது இல்லயா மிஸ்?"

தேடினார்கள். கேக்கில் ஒரு கை இருந்தது. பூச்சாடிக் கண்ணாடியில் ஒரு மாமியின் முகம் விழுந்திருந்தது. கடைசியில் இனிப்பு வட்டிலாப்பத் தட்டு ஒன்று தனியாகக் கிடைத்தது.

அஸ்ஃபர் முதல் தடவையாக அந்த மொனிட்டரைப் படத்தோடு பார்த்தான். குனிந்தான்.

"நல்லா ஈக்கே மிஸ். கஜுப் பருப்பு தெரியுது. மேல ஒக்காந்தீக்கிற ஈயும் தெரியுது."

"ஈயா? அது ப்ளம்ஸ், காஞ்ச திராட்சை."

"கால் ஈக்கு மிஸ்."

ஜஹானா திரையில் மூக்கு முட்டும்வரை போனாள். கறுப்பாக ஒரு பொட்டு. கால் எதுவும் இல்லை.

"நீங்க வீட்டுக்குப் போற அவசரத்தில செல்றீங்க."

"இல்ல மிஸ். கோவிச்சுக்கொள்ளாதீங்க. ஒருவேள ஒங்கட கண்ணு..."

"என்ட கண்ணுக்கு என்ன? கண்ணாடி போன மாசம்தான் எடுத்தது. அந்தக் கட்டுகஸ்தோட்டைக் கடை விலைக் கழிவு போட்டதே, ஊரே போய் ஒரே மாதிரி எடுத்துக்கொண்டு வந்ததே, அப்ப. சரி, என்ட கண்ணுதான் எண்டு வைங்க. ஹாஜியானியும் மங்கல் எண்டு செல்றாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நாளில கண்ணு பொய்த்தா?"

அஸ்ஃபர் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "அப்ப மொனிட்டர்ல பிழை இல்ல மிஸ். போட்டோலதான்."

அவன் போன பிறகு ஜஹானா கதிரையில் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருடம். கை நடுங்கியிருக்கிறது. தனக்கே தெரியாமல் நடுங்கியிருக்கிறது. கையை நீட்டிப் பார்த்தாள்.

"அக்கா, டீ போடவா?"

"போடு. ஹாஜியானி வாறாங்களாம்."

மூன்றரைக்கு வான் வந்து நின்றது. ஃபரீதா ஹாஜியானி குடையை மடக்கி, ஸலாம் சொல்லி, திரையைக் கண்டதும் வாசலிலேயே நின்றார்.

"அல்லாஹ்வே, இது என்ன மகள், சுவரா?"

"புதுசு மாமி. ஒங்கட அல்பத்துக்காகவே இண்டைக்கு எடுத்தது."

ஹாஜியானியின் மனம் இளகியது. கதிரையில் உட்கார்ந்தார். வாசலைத் தடவிக் கண்டுபிடித்த மாதிரியே கதிரையையும் தடவித்தான் கண்டுபிடித்தார். ஜஹானா நுஹாவின் படத்தைத் திறந்தாள். முப்பத்திரண்டு அங்குல மணமகள்.

ஹாஜியானி கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளினார். கீழே இழுத்தார்.

"முந்தி சின்ன மங்கலா இருந்திச்சு" என்றார். "இப்ப பெரிய மங்கலா ஈக்கு."

ஜஹானா சுட்டியைப் பிடித்தாள். "இது கமரால வாற மென்மை மாமி. கூர்மை ஏத்தினா சரியாகும்." நாற்பதுக்கு ஏற்றினாள்.

"கொஞ்சம் வருது."

எண்பது.

"இன்னும் கொஞ்சம், மகள்."

நூறு. நூறோடு முடிந்தது. ஜஹானா அதைச் சேமித்து, மறுபடி திறந்து, மறுபடி நூறு ஏற்றினாள்.

பின்னால் தேநீர்த் தட்டோடு நின்ற பிரேமிளா ஒரு சத்தம் போட்டாள்.

"அக்கா, போதும்க்கா. பொண்ணு மொகம் பலாப்பழத் தோலாட்டம் ஆகுது."

"நீ வெளிச்சம் பிடிக்கிறவள். மொகம் பாக்கிறது என்ட வேல."

"இல்லக்கா, சொல்றதக் கேளுங்க. அடுத்த படத்துல இந்தம்மாவுக்கு..." காதோரம் குனிந்தாள். "மீச வந்திருச்சுக்கா."

"டீயை வச்சிட்டுப் போ, பிரேமிளா."

ஹாஜியானி கதிரையில் முன்னால் சாய்ந்திருந்தார். முகம் மலர்ந்தது. "இப்ப! இப்பதான் என்ட புள்ளைட மொகம் வந்தீக்கு. அல்ஹம்துலில்லாஹ்."

ஜஹானாவுக்கும் அப்படியே தெரிந்தது. கண்கள் கோடு கட்டின. மூக்குத்தி பளிச்சென்றது. நான்கு நாட்களில் முதல் தடவையாக மூச்சு முழுதாக உள்ளே போனது.

நான்கு பதினெட்டு. அல்பத்தின் நூற்றிருபது படங்களுக்கும் ஒரே கட்டளையாக அதையே கொடுத்தாள். நூறும், அதன்மேல் நூறும். அசல் படங்களின் மேலேயே சேமிக்கவா என்று கம்பியூட்டர் கேட்டது. பிரதி எடுத்து வைக்கும் ஹார்ட் டிஸ்க் அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரி திறக்காது. ஆம் என்றாள்.

பெண்கள் ஒவ்வொருவராகத் திரையில் தோன்றி, கரடுமுரடாகி, மறைந்தார்கள். பிரேமிளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான்கு ஐம்பத்தேழுக்குக் கோப்பு போனது. ஜஹானாவும் ஹாஜியானியும் அச்சகத்தின் பதிலுக்காகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நான்குக்குப் பதில் வந்தது. எழுத்து சிறிதாக இருந்ததால் ஜஹானா பிரேமிளாவிடம் போனை நீட்டினாள்.

"'கிடைச்சிட்டு. மெஷினில ஏத்தியாச்சு. இனி நிப்பாட்ட ஏலாது'ன்னு போட்டிருக்காங்கக்கா."

"அல்லாஹ் காப்பாத்தினான்" என்றாள் ஜஹானா.

"நான் ஒரு மங்கல் எண்டு செல்லப் போய் ஒங்களுக்கு எவ்வளவு கஷ்டம், மகள்" என்றார் ஹாஜியானி. "எல்லாக் கல்யாணத்துக்கும் இனி நீங்கதான். நான் மடவளை முழுக்கச் செல்றேன், பாருங்க." கண்ணாடியைக் கழற்றித் தேநீர்க் கோப்பையின் பக்கத்தில் வைத்துவிட்டு, முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார்.

பிரேமிளா கோப்பைகளை எடுக்க வந்தாள். கண்ணாடியில் தேநீர் படக் கூடாதென்று அதைத் தூக்கி ஓரமாக வைக்கப் போனவள், வைக்காமல் நின்றாள். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன் ஹாஜியாரம்மா, ஒங்க கண்ணாடித் திருகுலயும் செவப்பு நகப்பூச்சா வச்சிருக்கீங்க?"