சாம்பல் மேசனும் என் குசினியும்

வன்னி முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் சாம்பல் மேசனைப்போல் மனிசருக்கு ஆத்திரம் கிளப்பக்கூடிய இன்னொருவர் அகப்படமாட்டார். அவருடைய சொந்தப் பெயர் உடையார்கட்டில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுமுன் ஒரு வாளி அடுப்புச் சாம்பல் கேட்பார். அதனால் வந்த பெயர்.

சண்டை முடிந்து நாங்கள் மீளக் குடியேறியபின் வீட்டுத்திட்டம் கிடைத்தது. வரிசையில் எல்லா வீட்டுக்கும் ஒரே கட்டடப் படம், சமைக்கிற குசினி பின்பக்கம். மேசன் அந்தப் படத்தை மடித்து இடுப்பில் செருகிவிட்டு, என் வளவில் சாம்பலால் கோடிழுத்து முழு வீட்டையும் நிலத்தில் வரைந்தார்.

"அம்மா, இதுக்குள்ள ரெண்டு நாள் சீவியுங்கோ. பிறகு கட்டுவம்."

"உமக்கு விசரோ? சுவருமில்லை, கூரையுமில்லை!"

"அதுதான் நல்லம். கட்டினாப் பிறகு காலால அழிக்கேலுமே?"

வெட்கத்தை விட்டு, வெட்டவெளியில் அடுப்பு மூட்டினேன். அவர் வேலியோரம் குந்தியிருந்து காவல் பார்த்தார். நான் கிணற்றடிக்கு நேரே நடந்தால், "அம்மா, சுவரை உடைச்சுக்கொண்டு போறியள்! வாசலால போங்கோ!" என்று கத்துவார். என் 'அறைக்குள்' வந்த கோழியைக்கூட வாசலால்தான் கலைத்தார். றோட்டால் போன சனம் சைக்கிளை நிறுத்திப் பார்த்துச் சிரித்தது.

இரண்டாம் நாள் பின்பக்கமிருந்து சோழகக் காற்று அடித்தது. அடுப்புப் புகை முழுவதும் வீட்டுக்குள் வந்தது. எனக்குத் தொய்வு. வருடாவருடம் சோழகக் காலம் தொடங்கினால் மூச்சு இழுக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவள். அன்றும் இருமி இருமி நிலத்தில் விழுந்தேன். மேசன் சாம்பல் சுவர் எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு ஓடிவந்து தண்ணீர் பருக்கினார். பிறகு பழைய கோடுகளை அழித்து, புகை வெளியே போகிற மாதிரி குசினியை முன்னுக்கு, றோட்டுப் பக்கம் வரைந்தார்.

பக்கத்து வளவு மலருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்னணை ஆச்சி, முன்னுக்குக் குசினி? அப்பக்கடை போடப் போறியளே?"

சுவர் எழும்பியபின் திட்டத்து அதிகாரி வந்தார். "இது படத்தில இருக்கிற மாதிரி இல்லை. உடையுங்கோ. இல்லாட்டிப் பட்டியல்ல இருந்து உங்கட பேரை வெட்டிப்போடுவன். உங்களுக்குப் படம் பாக்கத் தெரியுமோ அம்மா?"

எனக்கு நெருப்பாய் வந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் ஐம்பது வருடம் அடுப்படியில் நின்றவள்.

"உமக்கு அடுப்பு மூட்டத் தெரியுமோ தம்பி?"

மேசன் பணிவாக, "சேர், ஒரு தேத்தண்ணி குடிப்பம்" என்று, படத்தின்படி கட்டிய மலர் வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போய், குசினிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினார். தண்ணீர் கொதிக்கமுன் அதிகாரி கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே பாய்ந்தார். அப்போதும், "எண்டாலும் சட்டம் சட்டம்தான்" என்றார்.

மேசன் சுவர் இடிக்கும் அலவாங்கை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "அப்ப முதல் அடியை நீங்களே போடுங்கோ சேர். அம்மாவுக்கு மூச்சு முட்டினா ஆஸ்பத்திரிக்கும் நீங்கள்தான் கொண்டுபோகோணும். மலர், சேரின்ர போன் நம்பரை எழுதி எடு பிள்ளை!"

அதிகாரி அலவாங்கைக் கீழே போட்டார். என் பெயரை வெட்டவில்லை. "இனி உமக்கு இந்தத் திட்டத்தில வேலை இல்லை" என்று மேசனுக்குச் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார். மிச்ச வீடுகள் எல்லாம் வேறு ஆட்களுக்குப் போயின. மேசன் மல்லாவிப் பக்கம் போய்க் கோழிக்கூடு கட்டினார்.

பிறகு நடந்த அநியாயத்தைக் கேளுங்கள். அடுத்த வரிசைக்கு வந்த புதுப் படத்தில் குசினி முன்பக்கம்! கீழே எவரோ ஒருவரின் வடிவான கையெழுத்து. சாம்பல் வாளி தூக்கிய மனிசனின் பெயர் ஒரு மூலையிலும் இல்லை.

இந்தச் சோழகம் முழுவதும் நான் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. மூச்சு நல்லாய் வருகிறது. அதனால் கோபமும் நல்லாய் வருகிறது. அந்த மனிசனை விசரன் என்று சொல்ல இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் உரிமை. வேறு யாரும் சொன்னால் அகப்பையோடு றோட்டுக்கு இறங்குவேன். குசினி முன்னுக்குத்தானே இருக்கிறது, தூரமில்லை.