மூன்று சமூகத்துக்கு ஒரு நர்சம்மா

"மேடம், ஒரு சின்ன விஷயம். நாளைக்குப் பதவியேற்புக்கு உங்க அம்மா வழிச் சால்வை இருக்கில்ல, அதைப் போட்டுக்கிட்டு வந்துடுங்க" என்றார் பிரதமரின் ஆலோசகர், தொலைபேசியில்.

"சால்வை கிடக்கட்டும் சார். எனக்கு எந்தத் துறை? சுகாதாரம்தானே?"

"அதெல்லாம் பிரதமர் பார்த்துக்குவார். சால்வையை மடிச்சுத் தோள்ல போட்டுடாதீங்க. மலைக்காரங்க போடுற மாதிரி நல்லா விரிச்சுப் போடுங்க. கேமராவுக்குத் தெரியணும்."

வைத்துவிட்டார். நர்சம்மா ரிசீவரையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் தேர்தலில் நின்றதே ஓர் ஆஸ்பத்திரிக்காகத்தான். மலைமேல் இருக்கும் ஒரே ஆஸ்பத்திரி அது. அதன் பிரசவ வார்டில் பாதி ஆயுளைக் கழித்தவள். அதை இழுத்து மூடப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும், வெள்ளைச் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போனாள். மூடிவிட்டால் இடுப்பு வலி கண்ட பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலையிறங்க வேண்டும். பாதி வழியில் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஜெயித்தாள். புதுப் பிரதமர் கூப்பிட்டு மந்திரி பதவி தருகிறேன் என்றபோது மறுபேச்சில்லாமல் சரி என்றாள். சுகாதாரத்துக்கு இல்லாமல் வேறு எதற்கு ஒரு நர்ஸைக் கூப்பிடுவார்கள்?

மறுநாள் காலையில் பதில் பத்திரிகையில் வந்தது. கணவர் பஸ் மெக்கானிக். கிரீஸ் விரலால் எழுத்துக் கூட்டுவதுபோல் தடவித் தடவி உரக்கப் படித்தார்.

"எல்லாச் சமூகத்துக்கும் இடம். சமவெளி மக்களுடன் மலை மக்கள், கடலோர மக்கள், சிறுபான்மை மதத்தினர் ஆகிய மூன்று தரப்புக்கும் மந்திரிசபையில் பிரதிநிதித்துவம். பிரதமர் வாக்குக் காப்பாற்றினார்."

"அட, பரவாயில்லையே!" என்றார் மாமியார். "நம்ம மதத்துல யாருடா அந்த மந்திரி?"

"இவதாம்மா."

அதற்குள் தொலைபேசி அடித்தது. கடலோரத்திலிருந்து சித்தப்பா. "ஏம்மா, நம்ம பக்கத்து மந்திரி யாருன்னு போடலையே. உனக்குத் தெரியுமா?"

"நான்தான் சித்தப்பா."

வைத்த கையை எடுப்பதற்குள் மறுபடியும் அடித்தது. மலையிலிருந்து தாய்மாமா. "மலைக்கு யாரு மந்திரி?"

"அதுவும் நான்தான் மாமா."

"அதுவும்னா?"

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. அப்பா கடலோரம். அம்மா மலை. காதலித்துக் கட்டிக்கொண்டவர் வேறு மதம். பிரதமர் தேர்தல் மேடைகளில் "எல்லாருக்கும் இடம்" என்று தொண்டை கிழியக் கத்தியவர். ஜெயித்ததும் பத்து இடங்களைத் தன் சமவெளி ஆட்களுக்கே கொடுத்துவிட்டார். அதிலும் ஒருவர் மச்சினன், ஒருவர் சகலை, ஒருவர் சம்பந்தி. மீதிப் பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். கடைசியில் மிஞ்சியது ஒரு நாற்காலி, மிஞ்சிய சமூகம் மூன்று. ஆலோசகர் உட்கார்ந்து யோசித்து, மூன்றையும் ஒரே உடம்பில் வைத்திருக்கும் ஆளைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

"சிக்கனமான ஆளுங்கதான். ஒரு டிக்கெட்ல மூணு பேரை ஏத்திட்டானுங்க" என்றார் கணவர்.

"சிரிக்காதீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

சால்வையை எடுத்துப் போர்த்தினாள். சித்தப்பா எப்படியோ கேள்விப்பட்டுத் திரும்பக் கூப்பிட்டு, "மலைச் சால்வையோட போறியாமே? அப்போ உங்கப்பன் மனுஷன் இல்லையா?" என்று மூக்கை உறிஞ்சினார். அவர் மனம் நோக வேண்டாம் என்று அப்பா வழிப் பாசிமணி மாலைகளை எடுத்துக் கழுத்தில் போட்டாள். மாமியார் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். அந்தப் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டு யாரால் வீட்டை விட்டுக் கிளம்ப முடியும்? மாமியாரின் வெள்ளை முக்காட்டையும் வாங்கித் தலையில் போட்டுக்கொண்டாள்.

கண்ணாடியில் பார்த்தால் மந்திரியாகத் தெரியவில்லை. துணி காயப்போட்ட கொடி மாதிரி இருந்தாள்.

மண்டபத்தில் ஆலோசகர் அவளைப் பார்த்ததும் ஓடி வந்தார். "பிரமாதம் மேடம்! மூணும் இருக்கு! ஆனா ஒண்ணாப் போட்டா யாருக்கும் புரியாது. தனித்தனியாப் படம் எடுத்துடலாம்."

மேடையில் பத்து நாற்காலிகளில் பத்துச் சமவெளிக்காரர்கள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன.

"முதல்ல சால்வையோட இதுல உட்காருங்க... ஆச்சு. இப்ப அதைக் கழட்டிட்டு மாலையோட அடுத்ததுல. கொஞ்சம் நகருங்க. சிரிங்க மேடம். இப்ப முக்காடு."

"நான் மந்திரியா, துணிக்கடைப் பொம்மையா?"

"நாட்டு ஒற்றுமைக்காக, மேடம்."

இந்த ஒற்றுமையில் வேர்த்துக் கொட்டியது அவள் ஒருத்திக்குத்தான். பிரதமரின் சகலை வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவரை யாரும் நகர்ந்து உட்காரச் சொல்லவில்லை. அவர் எதை நிரூபிக்க வேண்டும்?

பிறகு துறைகளை வாசித்தார்கள். சுகாதாரம் பிரதமரின் மச்சினனுக்குப் போனது. ஊசியைக் கண்டாலே மயக்கம் போடும் மனிதர் என்று ஊரே சொல்லும். நர்சம்மாவுக்குக் கிடைத்தது "சமூக நல்லிணக்கம்". அதற்கு ஆபீஸ் எங்கே என்று கேட்டாள். மாடிப்படிக்கு அடியில், பழைய மின்விசிறிகள் போட்டுவைக்கும் அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

வெளியே நிருபர்கள் பிரதமரைச் சூழ்ந்துகொண்டார்கள். அதில் ஒரு நிருபர், சின்னப் பெண், விடவில்லை.

"ஐயா, நீங்க கொடுத்த படத்துல அந்த மூணு அம்மாவும் ஒரே ஜாடையா இருக்காங்களே?"

"அது... ஒரே அம்மாதான்."

"அப்போ பத்துப் பேர் உங்க சமூகம். மத்த மூணு சமூகத்துக்கும் சேர்த்து ஒரே ஆள். ஓட்டெடுப்புன்னு வந்தா அவங்க கதி என்ன?"

பின்னால் நின்ற ஆலோசகர் வெளிறிப் போனார். ஆனால் பேச்சில் பிழைத்த மனிதர் அல்லவா பிரதமர், சட்டென்று கையை உயர்த்தினார்.

"தலையை எண்ணுறது பழைய அரசியல்! என் மந்திரிசபையில சமூகத்தைத்தான் எண்ணுவோம். ஒரு சமூகம், ஒரு ஓட்டு. இங்க பெரியவங்க சின்னவங்க கிடையாது. நான் சொன்னா சொன்னதுதான். எழுதிக்கோங்க!"

கைதட்டல் வானைப் பிளந்தது. நர்சம்மா பல்லைக் கடித்தாள். பெரியவர் சின்னவர் கிடையாதாம். சொல்கிற வாய் கூசவில்லையே! மின்விசிறிக் கிடங்கில் உட்காரப் போகிறவள் பக்கத்திலேயே நிற்கிறாள், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்படி ஒரு மனிதனால் இப்படி வாய்ப்பந்தல் போட முடிகிறது?

வீட்டுக்கு வந்ததும் சால்வை, மாலை, முக்காடு மூன்றையும் கட்டிலில் வீசினாள்.

"ராஜினாமா பண்ணப் போறேன். என்னைக் காட்டி மூணு ஜனங்களை ஏமாத்துறானுங்க. அதுக்கு நான் உடந்தையா?"

"பண்ணு. யாரு வேண்டாம்னது?" என்றார் கணவர். "ஆனா ஆஸ்பத்திரி விஷயம் நாளைக்கு மந்திரிசபைக் கூட்டத்துல வருதுன்னியே. அப்ப உள்ள நம்ம ஆளுன்னு கை தூக்க யாரு இருப்பா?"

"பத்துக் கைக்கு நடுவுல என் ஒத்தைக் கை தூக்கி என்ன ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது. ஆனா மூடினவங்கள்ல நீ இருக்க மாட்ட."

அன்று இரவு அவள் தூங்கவில்லை.

மறுநாள் மந்திரிசபையின் முதல் கூட்டம். அன்று பத்திரிகைகளெல்லாம் பிரதமரின் பேச்சைத் தலைப்பில் போட்டுப் புகழ்ந்திருந்தன. அயல்நாட்டுப் பத்திரிகைகூடப் பாராட்டியிருந்ததாம். உள்ளே போனால் கூட்டம் மாதிரி இல்லை, பாராட்டு விழா மாதிரி இருந்தது.

"ஐயா பேசினதைக் கேட்டு எனக்குக் கண்ணீரே வந்துடுச்சு" என்றார் மேடையில் தூங்கிய சகலை.

"அதைப் பொன்னெழுத்துல பொறிக்கணும்" என்றார் சம்பந்தி.

மச்சினன் விடுவாரா? "பொறிச்சா மட்டும் போதுமா? முதல் தீர்மானமாவே போடுவோம். ஐயா நேத்துச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இந்த மந்திரிசபையோட விதி!"

மேசையைத் தட்டினார்கள். மூலையில் ஒரு கனத்த மூக்குக்கண்ணாடிக்காரர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். கூட்டக் குறிப்பாளர். எத்தனையோ மந்திரிசபைகளுக்குக் குறிப்பெடுத்தவர். யார் என்ன உளறினாலும் முகம் மாறாமல் எழுதுவார்.

"ஒருமனதா நிறைவேறுச்சுன்னு போட்டுக்கலாமா ஐயா?" என்று தலை நிமிராமல் கேட்டார்.

"போடு, போடு" என்றார் பிரதமர், நெஞ்சு விம்ம. நர்சம்மாவைப் பார்த்து, "என்னம்மா, உனக்குச் சம்மதம்தானே?" என்றார்.

அவள் வெறுப்போடு தலையசைத்தாள். காற்றில் சொன்ன வார்த்தைக்குச் சம்மதம் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன?

அடுத்தது மலை ஆஸ்பத்திரி. மச்சினன் எழுந்தார். அந்த இடத்தில் காற்று நன்றாக இருக்கிறதாம். ஆஸ்பத்திரியை மூடிவிட்டு மந்திரிகள் தங்கி ஓய்வெடுக்க விருந்தினர் மாளிகை கட்டலாமாம்.

"அங்க பிரசவத்துக்கு வர்ற பொம்பளைங்க எங்க போவாங்க?" என்று கேட்டாள் நர்சம்மா.

"கீழ டவுனுக்கு வரட்டுமே."

"எதுல வருவாங்க? ரோடு பாதி வழிதான் இருக்கு. வர்ற வழியிலேயே செத்தா?"

"அம்மா, எதுக்கு உணர்ச்சிவசப்படுறீங்க? உங்க துறை நல்லிணக்கம். நல்லிணக்கமா பேசுங்க."

பத்துப் பேரும் சிரித்தார்கள். அந்த வார்டில் அவள் கையில் முதல் மூச்சு விட்ட குழந்தைகளின் முகங்கள் கண்முன் வந்தன. அவர்களில் ஒருவருக்குக்கூட இந்த அறையில் ஒரு நாற்காலி கிடையாது.

"சிரிக்கிறீங்களா? உங்க வீட்டுப் பொம்பளைங்களைக் கட்டிலோட தூக்கிட்டு அந்த மலையை இறங்கிப் பாருங்கய்யா! என்னை மூணு சமூகம்னு பேப்பர்ல போட்டீங்க, மூணு நாற்காலியில மாத்தி மாத்தி உட்கார வெச்சீங்க. வாயைத் திறந்தா மட்டும் நான் அரை ஆளா?"

"சரிம்மா, பேசியாச்சில்ல" என்றார் பிரதமர், கடிகாரத்தைப் பார்த்தபடி. "ஓட்டுக்கு விட்டுடலாம். மூடணும்ங்கறவங்க கை தூக்குங்க."

பத்துக் கைகள் உயர்ந்தன. சகலையின் கையைப் பக்கத்தில் இருந்தவர் தூக்கிவிட்டார்.

"வேண்டாம்ங்கறவங்க?"

நர்சம்மா எழுந்து நின்று கையைத் தூக்கினாள். கண்ணில் நீர் முட்டியது, கையை மட்டும் இறக்கவில்லை.

"அவ்வளவுதான். எழுதிக்கய்யா" என்று பிரதமர் குறிப்பாளரிடம் சொல்லிவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

குறிப்பாளர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எழுதியதை வாசித்தார்.

"முதல் தீர்மானத்துல போட்ட விதிப்படி, மூடணும்னு ஒரு சமூகம், மூடக்கூடாதுன்னு மூணு சமூகம், தீர்மானம் தோத்துப்போச்சு ஐயா."